யாழ்ப்பாணத்து வீட்டு முற்றமும் பூஞ்செடிகளும்

யாழ்ப்பாணத்து வீட்டு வளவின் பழைய அமைப்பைப் பேசுவோர் நாற்சார் வீட்டையும் சங்கடப்படலையையும் கிடுகு வேலியையும் விரித்துரைப்பர். அவ்வளவில் நின்ற பூஞ்செடிகளைப் பற்றி அத்துணை கூறுவதில்லை. செடி கல்வெட்டைப்போல் நிலைத்து நிற்பதன்று என்பது உண்மையே. ஆயினும் எச்செடியை முற்றத்தில் வைப்பது, எதனைக் கிணற்றடியில் வைப்பது, எதனை வேலிக்கு ஒதுக்குவது என்னுந் தேர்வு, ஒரு மக்களின் வழிபாட்டையும் நீர்வளத்தையும் கடல்வழித் தொடர்பையும் ஒருங்கே காட்டவல்லது. நமது பூத்தட்டிலுள்ள மலரெல்லாம் தொன்றுதொட்டு இம்மண்ணுக்கே உரியன என்று கருதுவாரும் உளர்; வீட்டைச் சுற்றிப் பூஞ்செடி நடும் வழக்கமே ஐரோப்பியர் கற்பித்தது என்பாரும் உளர். இவ்விரண்டு கொள்கையும் சான்றோடு பொருந்துவன அல்ல.

தமிழர் பூக்களை வகையறிந்து போற்றியமைக்குக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்பட்டுள்ள 99 மலர்களே போதிய சான்றாகும். அவற்றுள் ஒன்றாகிய வெட்சி, நிரைகவரும் புறத்திணைக்குப் பெயராகியும் முருகனுக்குரிய மலராகியும் சிறப்புற்றது. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். மேனாட்டுத் தாவர நூலார் இதற்கு இட்ட 'இக்சோரா' என்னும் பெயர், ஈசுவரன் என்னுஞ் சொல்லின் திரிபு என்பர். நம் கடவுட் பெயர் கடல் கடந்து சென்று வேற்றுடை தரித்து மீண்டது. இன்று கன்று வாங்கச் செல்வோர் 'எக்சோரா' என்றே கேட்கின்றனர். வெட்சி என்னும் பெயரோ பாடநூலோடு நின்றுவிட்டது! செவ்வலரியும் பழமையானதே. கணவீரம் என்னும் பெயரால் அது திருமுருகாற்றுப்படையில் மாலையாக வருகின்றது. நந்தியாவட்டை, முல்லை, பிச்சி, கனகாம்பரம் ஆகியனவும் இந்நிலப்பகுதியின் பழைய செல்வங்களே.

பின்னர் வந்து சேர்ந்தவற்றின் வரலாறே வியப்புக்குரியது. கோயில் வீதிகளில் வெண்மையும் மஞ்சளும் கலந்து பூத்து நிற்கும் ஈழத்தலரியைக் காண்பவர் அதனை அயல்நாட்டுச் செடியெனக் கனவிலும் கருதார். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகள். அப்பகுதித் தீவுகளிற் செடி ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி சார்ள்ஸ் புளூமியேயின் பெயரையே தாவர நூலார் அதற்குச் சூட்டினர். தமிழகத்தாரோ அதனை ஈழத்துக்குரிய அலரி என்றனர். கொலம்பசு 1492ஆம் ஆண்டிற் கண்ட பெருநிலத்தின் செடியொன்று, இடையில் நின்ற ஈழத்தின் பெயரைப் பெற்றுவிட்டது. மஞ்சளலரியும் மெக்சிக்கோ முதலிய அமெரிக்க நாடுகளைச் சார்ந்ததே; சங்கத்தார் கண்ட அலரி அதுவன்று. நித்தியகல்யாணி மடகாசுகர்த் தீவினின்றும் வந்தது. எளிதிற் கிடைக்குஞ் செடியென இகழப்படும் இதிலிருந்தே, 1958ஆம் ஆண்டளவிற் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் புற்றுநோய்க்கான மருந்தொன்றைப் பிரித்தெடுத்தனர். செவ்வரத்தையோ காட்டுச் செடியாகவன்றி, மனிதர் நட்டு வளர்த்த செடியாகவே அறியப்பட்டது. 1753ஆம் ஆண்டில் அதற்குப் பெயரிட்ட லின்னேயசு, சீன ரோசா என்னும் பொருள்படவே பெயரிட்டார்.

இவ்வாறு வந்தவை எவ்வாறு பூசைக்கு உரியனவாயின? புட்பவிதி எனத் தனி நூலே இயற்றப்பட்ட சைவ மரபில் இது தற்செயலாக நிகழ்ந்திராது. நாள்தோறும் வழிபாடு செய்யும் வீட்டுக்கு நாள்தோறும் பூ வேண்டும். மல்லிகை மணத்தாற் சிறந்ததாயினும் ஆண்டு முழுவதும் ஒரே அளவிற் பூப்பதன்று. செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் அக்குறையை நிரப்பின. பின்னதன் பெயரே அதனைப் புலப்படுத்தும். நிலத்தில் வீழ்ந்த பூ ஆகாதென்பது பொதுவிதியாயினும், விடியுமுன் தானே உதிரும் பவளமல்லிகை போன்ற சிலவற்றுக்கு வழக்கு விலக்களித்தது. அந்நெகிழ்ச்சியே அயல் மலர்களுக்கும் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

வழிபாட்டுக்கு அடுத்தபடியாகத் தேர்வை நடத்தியது நீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லிற் சேர்ந்த மழைநீரைத் துலாவால் இறைத்தே பயிர் செய்தனர். பூஞ்செடிக்கெனத் தனியே நீரிறைத்தல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஆகவே குளித்த நீர் வழிந்தோடும் கிணற்றடியே பலரது பூந்தோட்டமாயிற்று. செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அங்கே நின்றன. ஆட்டுக்கு மிக விருப்பமான தழையுடைய செவ்வரத்தைக்கு வேலியின் உட்புறமே பாதுகாப்பு. ஆடு தீண்டாத அலரி வேலியோரத்திலேயே நிற்கலாயிற்று. வெட்சிக்கு மட்டும் ஓர் இடர் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதன் வேர் இரும்புச்சத்தைப் பெற இயலாமையால் இளந்தளிர் மஞ்சளிக்கும். மக்கிய இலையெருவும் சாணமும் இட்டுப் பேணியவர் வீட்டிலேயே அது செழித்தது.

ஒல்லாந்தர் கற்பித்தனர் என்பதற்கு மாறாக, அவர்கள் இங்குக் கற்றனர் எனல் பொருந்தும். 1670களில் இலங்கையிற் கும்பனி மருத்துவராயிருந்த பவுல் எர்மன் உலர்த்திச் சேர்த்த செடிகளை ஆதாரமாகக் கொண்டே லின்னேயசு 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரநூலை வெளியிட்டார். அச்செடித் தொகுப்பு இன்று இலண்டனில் உள்ளது. ஆங்கிலேயர் காலத்திலேயே உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. 1821ஆம் ஆண்டிற் பேராதனைத் தோட்டம் நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றிய மக்மில்லன் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட கைநூல், வெப்பநாட்டு அழகுச் செடிகளைத் தேர்ந்து நடும் முறையை விரித்துரைத்தது. பூசைக்குப் பூப் பறித்தற்கன்றிப் பார்த்து மகிழ்தற்கென்றே வீட்டின் முன்புறத்தில் செடி வைக்கும் வழக்கம் பங்களாக்களினின்று பரவிற்று. 1767ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டின் ரியோ நகரிற் கொமர்சன் என்பார் கண்டெடுத்த போகன்விலாவைக் காகிதப்பூ என நம்மவர் அழைத்தனர். நிறமுடையது அதன் பூவன்று, பூவைச் சூழ்ந்த இலையே. ஆதலின் அப்பெயர் எள்ளல் மட்டுமன்று, கூர்ந்த நோக்குமாகும். அது படலை வாயிலை அலங்கரித்தது, பூத்தட்டுக்குள் நுழையவில்லை.

எல்லாத் தேர்வும் நன்மையாய் முடிந்ததில்லை. 1826ஆம் ஆண்டில் அழகுக்கென இலங்கைக்குக் கொணரப்பட்ட நாயுண்ணியின் கனிகளைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பின. இன்று அது தரிசு நிலங்களை மட்டுமன்றி, உடவளவை போன்ற தேசியப் பூங்காக்களின் மேய்ச்சல் நிலங்களையும் மூடிவிட்டது.

இவையனைத்தும் பழங்கதையாய் ஒழிந்துவிடவில்லை. 1990ஆம் ஆண்டு முதல் வலிகாமம் வடக்கிலும், 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்விற் குடாநாட்டின் பெரும்பகுதியிலும் வளவுகள் ஆளின்றிக் கிடந்தன. 2009ஆம் ஆண்டின் பின்னர் நிலங்கள் படிப்படியாக விடப்பட்டபோது, கிணற்றையும் இடிந்த அத்திவாரத்தையும் கொண்டே தம் வளவை அடையாளங் கண்டோர் பலர். புதுவீடு கட்டும் அவர்கள் முற்றத்தை வெறுமையிலிருந்தே தொடங்க வேண்டியவராயினர். விற்பனை நிலையங்களிற் பூத்துக் குலுங்கும் சாடிச் செடிகளை மட்டும் நோக்கித் தேர்வோர், மண்ணையும் கிணற்று நீரின் உவர்ப்பையும் மறந்துவிடுகின்றனர். உவர் நீருக்குச் செவ்வலரி ஈடு கொடுக்கும், வெட்சி கொடாது. மஞ்சளலரியின் விதை இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சாதலின், சிறுவர் விளையாடும் முற்றத்தில் அதற்கு இடமளித்தல் தகாது. வேலிக்கும் வேறு செடி தேர்தலே நன்று. செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் விலை கொடுக்க வேண்டுவதில்லை. ஐப்பசி மழையில் மண் நனைந்த பின்னர் அயலார் வீட்டிலிருந்து முற்றிய தடியொன்றை முறித்து வந்து கிணற்றடியில் ஊன்றினால், தை பிறக்குமுன் தளிர்த்துவிடும்.