மைக் செட்டிலிருந்து ஸ்ட்ரீமர் வரை: இசைக்கருவியின் விலையும் ஒலித்தரமும்

இணையத்திலிருந்தோ வீட்டுக் கணினியிலிருந்தோ இசையைப் பெற்று ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி ஸ்ட்ரீமர். சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல லட்சம் ரூபாய்க்கும் விற்கிறது. விலை கூடினால் ஒலியும் கூடுமா என்ற கேள்வி இதனுடன் பிறந்ததல்ல. கள்ளக்குறிச்சி போன்ற வட்டாரங்களில் மைக் செட் வாடகைக்கு விடப்பட்ட காலத்திலேயே அது இருந்தது.

மைக் செட் காலம்

திருவிழா, திருமணம், காதுகுத்து எதுவானாலும் மரத்திலோ கம்பத்திலோ கூம்புக்குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது தமிழகக் கிராமங்களின் வழக்கம். இசைத்தட்டுச் சுழற்றி, ஆம்ப்ளிஃபயர், மைக், குழாய் ஆகியவை சேர்ந்ததே செட். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சமவெளியைவிடப் பிந்தியே அங்கே சாலையும் மின்சாரமும் வந்தன. மின்கம்பி எட்டாத ஊர்களுக்கென்று பாட்டரியில் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்களும் இருந்தன.

அக்காலத்தில் விலைக்குப் பொருள் இருந்தது. மலிவான மோட்டார் சீராகச் சுற்றாது. பாடகரின் குரல் இழுபடும். தேய்ந்த ஊசி இரைச்சலைத் தருவதோடு தட்டின் வரிப்பள்ளத்தையும் கெடுக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகரும். ஹெட் சற்றுச் சாய்ந்தாலும் தாளக்கருவிகளின் கூர்மை போய்விடும். கருவியின் ஒவ்வொரு குறையும் பாட்டோடு கலந்தே வெளிவந்தது.

ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதியைக் கூம்புக்குழாயே விழுங்கிவிட்டது. அது நெடுந்தூரம் கேட்பதற்காக உருவானது. தாழ்ந்த சுருதிகளை அது ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978) படப்பாடல்கள் ஸ்டீரியோ பதிவுக்காகப் பேசப்பட்டவை. இடமும் வலமுமாகப் பிரிந்த அந்த ஒலி, திருவிழாக் குழாயில் ஒன்றாகித்தான் ஊருக்குக் கேட்டது. நல்ல தட்டுச்சுழற்றி வாங்கிய செட்டுக்காரரின் செலவு குழாய் வரை வந்து நின்றுபோனது என்று சொல்லலாம்.

எண்களாக மாறிய இசை

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, இசையை நொடிக்கு 44,100 முறை அளந்து 16 பிட் எண்களாகப் பதிந்தது. அந்த எண்களைக் கம்பி வழியே வீட்டுக்குள் அனுப்பும் கருவிகள் பின்னர் வந்தன. அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் 2001இல் ஸ்லிம்பி3 என்ற கருவியை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 2007இல் மிக உயர்ந்த விலையில் கிளைமாக்ஸ் டிஎஸ் என்பதைக் கொண்டுவந்தது. 2015இல் கூகுள் விற்ற குரோம்காஸ்ட் ஆடியோவின் விலையோ 35 டாலர்தான்.

ஸ்ட்ரீமருக்கு இசை சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒன்று தவறினால் மீண்டும் கேட்டுப் பெறப்படும். சில நொடிகளுக்கான இசை நினைவகத்தில் சேர்ந்த பிறகே ஒலிக்கத் தொடங்கும். ஆகவே இரண்டு கருவிகளிலும் பழுதின்றி வந்து சேர்வது ஒரே எண்கள்தான். இழுபடும் மோட்டாருக்கோ தேய்ந்த ஊசிக்கோ இங்கே இடமில்லை. எண்ணை மின்னலையாக மாற்றும் பகுதியில் வேறுபாடு இருக்கலாம். மலிவான சில கருவிகளில் இரைச்சல் அளவிடக்கூடிய அளவில் கூடுதல். அந்த மாற்றத்தை வெளியில் உள்ள ஒரே கருவியிடம் விட்டுவிட்டால் இந்த வேறுபாட்டுக்கும் காரணம் குறைகிறது. எர்த் சரியில்லாத வீட்டில் எழும் 'ஹம்' ஒலியை மட்டும் விலையுயர்ந்த பெட்டியும் எப்போதும் தீர்த்துவிடாது.

காதை நம்பித் தீர்ப்புச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டில் ஒன்று மிகச் சிறிதளவு உரக்க ஒலித்தாலும் அதுவே தரமானதாகத் தோன்றும். எனவே ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று மறைத்துத்தான் சோதிக்க வேண்டும். மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஸ்ட்ரீமரைப் பற்றியதல்ல. உயர்தெளிவுப் பதிவுகளைக் குறுந்தகட்டுத் தரத்துடன் ஒப்பிட்டது. 554 முயற்சிகளில் 276 முறையே விடை சரியாக இருந்தது. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து ஜோஷுவா ரெய்ஸ் 2016இல் கண்ட அளவு சுமார் 52 விழுக்காடு. பயிற்சி பெற்றவர்களிடம் அது 60ஐ நெருங்கியது. வேறுபாடே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் லட்சங்களின் இடைவெளியை நியாயப்படுத்த இது போதாது.

உயர்ந்த விலை வாங்கித் தருபவை வேறு: உறுதியான உலோக உறை, பெரிய திரை, பலவகை இணைப்புகள், அறையின் எதிரொலிக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதி. கடைசியாகச் சொன்னது ஒன்றே காதுக்குத் தெளிவாகத் தெரியும். அதுவும் இன்று மலிவான கருவிகள் சிலவற்றில் வந்துவிட்டது.

மலையில்

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதன் மிகத் தாழ்ந்த தரம் நொடிக்கு ஏறத்தாழ 24 கிலோபிட், உயர்ந்த தரங்களில் ஒன்று 320. தானியங்கி அமைப்பில், அலைவரிசை நலிந்தால் தரமும் தானே இறங்கும். கல்வராயன் மலையின் பள்ளத்தாக்குகளில் அலைவரிசை நலிவது புதிதல்ல. அங்கே 24க்கும் 320க்கும் உள்ள வேறுபாடு யார் காதுக்கும் கேட்கும். பாடல்களை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்பவர், லட்ச ரூபாய்ப் பெட்டியால் பெற முடியாததைப் பெறுகிறார்.

அதைவிட அடிப்படையானது பதிவு. மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களை விழாக் கூட்டத்தில் நின்று கைபேசியில் பதிவு செய்தால் காற்றிரைச்சலும் பேச்சுக்குரலும் பாட்டோடு சேர்ந்துவிடும். பதிவில் சேராத குரலை எந்த ஸ்ட்ரீமரும் மீட்டுத் தருவதில்லை. பாடுபவர் அருகே வைக்கப்படும் ஒரு நல்ல மைக்கின் விலை, உயர்தர ஸ்ட்ரீமரின் விலையில் சிறு பகுதியே.