படப்பக்கரை டரிட்டெல்லா: ஓட்டின் எந்த அடையாளம் இனத்தைச் சொல்லும்?

கொல்லம் மாவட்டத்தில் அஷ்டமுடிக் காயலை ஒட்டிய படப்பக்கரையில் கடல்நத்தை ஓடுகள் செறிந்த சுண்ணாம்புப் பாறையும் களிமண்ணும் வெளித்தெரிகின்றன. இவை கீழ் மயோசீனின் பர்டிகேலியன் கட்டத்தைச் சேர்ந்தவை. வயது ஏறத்தாழ 2 கோடிக்கும் 1.6 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகள். இப்படிவின் மெல்லுடலிகளை 1960களின் தொடக்கத்தில் ஏ.கே. டே விரிவாக விவரித்தார். 2014இல் மாத்தியாஸ் ஹார்ஸ்ஹவுசர் நத்தைகளை மறுபடி ஆராய்ந்து, அவற்றைக் கடற்புல் வெளியைச் சார்ந்த கூட்டமாக விளக்கினார். வாழிடம் இவ்வாறு தெளிவாகியிருக்க, இன எல்லையைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

அந்நத்தைகளுள் ஒன்றான டரிட்டெல்லாவின் ஓடு பல புரிகள் கொண்ட ஒடுங்கிய நெடுங்கூம்பு. விவரிப்பவர் கண்ணில் முதலில் படுவது முதிர்ந்த புரிகளின் சுருள்வரிகள்: எத்தனை, எது தடிப்பு, எது மெலிவு என்பன. இந்த அடையாளத்தை மட்டும் நம்பி இனம் பிரிப்பது தவறு. வயது ஏற ஏற இடைவரிகள் புதிதாக முளைத்து, முதல் வரிகளை மறைத்துவிடும். இளம் புரிகளில் எந்த வரி முதலில் தோன்றுகிறது, எது பின்தொடர்கிறது என்ற வரிசையே உறவைக் காட்டும். 1941இல் மெரியம் அமெரிக்கப் பசிபிக் கரையின் புதைபடிவங்களிலும், 1957இல் மார்விக் டரிட்டெல்லா குடும்பத்தின் பேரினங்களை மறுசீரமைத்தபோதும் இவ்வரிசைக்கு முதலிடம் தந்தனர். வளர்ச்சிக் கோடும் இதற்கு இணையான சான்று. வாயின் வெளி உதடு ஒருகாலத்தில் எப்படி வளைந்திருந்தது என்பதை அது புரிதோறும் பதித்து வைத்திருக்கிறது; உதடு உடைந்துபோன ஓட்டிலும் அந்த வளைவைப் படிக்கலாம்.

இதில் ஓர் இடர் உண்டு. வரிசையை அறிய நுனி வேண்டும். நுனியோ எளிதில் உடையும். உயிரோடு இருக்கும்போதே கூட அது உடையலாம்; உயிரி உள்ளே குறுக்குச் சுவர் எழுப்பி இழப்பை அடைத்துக்கொள்ளும். ஆகவே, நுனியற்ற ஒற்றைத் துண்டை வைத்துப் புதிய பெயர் சூட்டுவதை நான் ஏற்கவில்லை. வேட்டை நத்தை குடைந்த துளை, உடைந்து ஆறிய தழும்பு, இறந்தபின் அலை தேய்த்த வழவழப்பு ஆகியவற்றையும் இனப் பண்பிலிருந்து விலக்கியே எழுத வேண்டும்.

இனி, ஒரே இனத்துக்குள் வரிகள் எவ்வளவு மாறுபடலாம்? இதற்குக் கேரளக் கரையின் வைப்பின் தீவு உதவும். தீவின் வட முனையிலுள்ள முனம்பத்தில் கரைசேரும் இழுவலைப் படகுகளின் கழிவுக் குவியலில் டரிட்டெல்லா ஓடுகள் கிடைக்கும். ஒரே இழுப்பில் வந்தவற்றை அளந்தால் ஒரு கூட்டத்தின் வேறுபாடு தெரியும். ஆனால் அந்த அளவை அப்படியே படப்பக்கரையோடு ஒப்பிடக் கூடாது. பாறையின் ஒரே அடுக்கில் பல தலைமுறைகளின் ஓடுகள் கலந்திருப்பதால் அங்கே வேறுபாடு இயல்பாகவே மிகும். அதைப் பல இனங்களாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

அதனால் இடைப்பட்ட ஓர் அளவுகோல் தேவை. 1341ஆம் ஆண்டின் பெரியாற்று வெள்ளத்தோடு மரபு இணைத்துச் சொல்லும் தீவு வைப்பின். எனவே அதன் மணலில் கடல் சேர்த்த ஓடுகள் சில நூற்றாண்டுகளின் கலவையாக இருக்கக்கூடும். கேரளக் கண்டத் திட்டில் பழைய ஓடுகளும் எஞ்சியிருப்பதால், ஒவ்வொரு தொகுப்பிலும் சில ஓடுகளையேனும் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணித்த பிறகே அக்கலவையை அளவுகோலாகக் கொள்ளலாம். அந்த வேறுபாட்டு எல்லைக்குள் அடங்கும் படப்பக்கரை வடிவங்களை, வரித் தோற்ற வரிசையும் வளர்ச்சிக் கோடும் ஒத்திருக்குமானால், ஒரே பெயரின் கீழ் சேர்ப்பதே முறை.