திண்ணைப் பள்ளியின் பிரம்பும் சட்டாம்பிள்ளையும்

தொடக்கப் பள்ளியில் ஆசிரியருக்கு எவ்வளவு அதிகாரம், பிள்ளைக்கு எவ்வளவு சுதந்திரம் என்ற கேள்வி இன்று நேற்று முளைத்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டினால் அதற்கு ஒரு விடையும் அங்கேயே கிடைக்கிறது என்பது என் துணிபு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் தொகுத்தபோது பள்ளிகளும் உயர்கல்விச் சாலைகளுமாக 12,498 இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். அதில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். ஆகவே அதைப் பொற்காலம் என்று கொண்டாட இடமில்லை.

அம்மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியின் கலெக்டர் கேம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை சுவையானது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாமவனுக்கு வெறும் சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். கடைசியில் வருகிறவன் பாடு திண்டாட்டம்தான்! சோம்பேறிகளைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு.

அதே அறிக்கை வேறொன்றைப் பாராட்டுகிறது. முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தாங்களும் பாடத்தை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். நாம் சட்டாம்பிள்ளை என்கிறோமே, அந்த முறைதான்.

இதன் அருமையை அதற்கு முன்பே கண்டவர் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியை நடத்தியவர். நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைத்தார், வகுப்பு நடந்தது. குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து, மாணவர்களைக் கொண்டே விசாரிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. ஆனால் அங்கே ஓர் ஆசிரியருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்றாகி, அது மனப்பாட இயந்திரமாகிப் போனது. பொறுப்பைக் கொடுத்தவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டும் என்பதை மறந்ததன் பலன் அது.

பிரம்புக்குச் சட்டம் விடைகொடுக்க வெகுகாலம் பிடித்தது. தில்லிப் பள்ளிகளில் அடிக்க அனுமதித்த விதியை 2000-இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடியையும் மனத்துன்பத்தையும் நாடு முழுவதும் தடை செய்தது. பிரம்பு போனதால் அதிகாரமே போய்விட்டது என்று புலம்பும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான் தில்லியில் பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இங்கே பரீட்சை பயம் கிடையாது, மார்க் கிடையாது. பிடிக்கவில்லையென்றால் பிள்ளை அடுத்த வாரம் வராது. அதோடு அந்த வீட்டில் தமிழ் எழுத்தும் நின்றுவிடும். "இதை எதுக்கு மிஸ் கத்துக்கணும்?" என்று கேட்கிற பத்து வயதுப் பையனை அதட்டிப் பயனில்லை. அவனிடம் இரண்டு வாண்டுகளை ஒப்படைத்து, "இவங்களுக்கு 'ழ' எழுதச் சொல்லிக்கொடு" என்றால் சரியாக எழுதிக் காட்டுகிறான். என்ன எழுத்து, எந்த வரிசை, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் ஆசிரியர் கையில். எப்படிச் சொல்லித்தருவது என்பது அவன் கையில்.

புலம்பெயர்ந்த ஊரில் தமிழ் நிலைக்க, திண்ணைப் பள்ளியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சட்டாம்பிள்ளையை. விட்டுவிட வேண்டியது அவன் கையிலும் வாத்தியார் கையிலும் இருந்த பிரம்பை.