மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தானா? பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறிகள் என்ன, யாருக்கு ஆபத்து?

அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு தினமும் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் மனப்பாடம். கதவோரம், ஜன்னலுக்கு மேலே என்று எங்கே பார்த்தாலும் மூலம், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என ஒட்டியிருப்பார்கள். மலம் போகும்போது ரத்தம் வந்தால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது அதில் இருக்கும் செல்போன் எண்தான்.

பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மை. ஆனால், பெருங்குடல் மற்றும் மலக்குடல் புற்றுநோயின் முக்கியமான அறிகுறியும் இதே ரத்தம்தான். வெளியிலிருந்து பார்த்து இது மூலம், இது புற்று என யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சிக்கலே இங்கேதான்.

இது என்ன நோய்?

சிறுகுடலைத் தாண்டி வரும் கழிவு போய்ச் சேரும் சுமார் ஒன்றரை மீட்டர் நீளக் குழாய்தான் பெருங்குடல். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். இதன் உள்சுவரில் சிலருக்கு 'பாலிப்' எனப்படும் சின்னச் சதை வளர்ச்சிகள் வரும். பெரும்பாலானவை எதுவும் செய்யாது. சில வகை மட்டும் மெல்ல மெல்ல புற்றாக மாறும். அதற்குப் பொதுவாக 10 ஆண்டுகள் வரை ஆகலாம்.

அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால், கொலோனோஸ்கோபி செய்யும்போதே பாலிப்பை வெட்டி எடுத்துவிடலாம். அதாவது, புற்றுநோய் வருவதற்கு முன்பே தடுக்க முடியும். இப்படிச் சொல்லக்கூடிய புற்றுநோய்கள் ரொம்பக் குறைவு.

உலக அளவில் 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் பாதிப்பு விகிதம் குறைவுதான். ஆனால் இங்கே இளம் வயதிலேயே வருவது கவனிக்க வேண்டிய விஷயம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 800 நோயாளிகளை வைத்து 2017-ல் வெளியான ஆய்வில் சராசரி வயது சுமார் 47. 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-ல் இதே நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43.

எந்த அறிகுறிகளை விடக்கூடாது?

குடலின் எந்தப் பக்கத்தில் கட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். மலக்குடலில் இருந்தால் ரத்தம் வரும். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போலவே இருக்கும். இடது பக்கம் இருந்தால் வழி குறுகிவிடும். திடீரென மலச்சிக்கல், பென்சில் போல மெல்லிய மலம், நாலு நாள் சிக்கல் நாலு நாள் வயிற்றுப்போக்கு என மாறி மாறி வரலாம். இந்த மாற்றம் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வலது பக்கத்துக் கட்டிதான் ஏமாற்றுக்காரன். அங்கே குடல் அகலம் அதிகம், அடைப்பு சீக்கிரம் வராது. ரத்தமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தோடு கலந்து போகும். மாதக்கணக்கில் இப்படியே போனால் ரத்தசோகை வரும். போன வருஷம் திருத்தணி மலையின் 365 படிகளை சாதாரணமாக ஏறியவருக்கு இந்த ஆடிக்கிருத்திகைக்கு பாதியிலேயே மூச்சு வாங்கும். 'வயசாயிடுச்சு' என்று சொல்லி சத்து மாத்திரை போட்டுக்கொள்வார். ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். மாத்திரை மட்டும் போதாது.

காரணமில்லாமல் எடை குறைவது, தொடர்ந்து வயிற்று வலி, உப்புசம் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

ஏற்கெனவே மூலம் இருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். டாக்டர் கையுறை போட்டு விரலால் ஆசனவாய் வழியாகப் பரிசோதிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டிகள் பலவற்றை அதிலேயே உணர முடியும். கூச்சத்தில் வேண்டாம் என்று சொல்பவர்கள்தான் அதிகம். பரிசோதிக்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தால், 'ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்' என்று நீங்களே கேட்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயது 50-ஐத் தாண்டியவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர்களுக்கு இந்த நோய் இருந்தவர்கள், நீண்ட நாளாக குடல் புண் நோய் (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மது, புகை, உடல் பருமன், சர்க்கரை நோய், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பது, காய்கறி, கீரை, சிறுதானியம் குறைந்த சாப்பாடு எல்லாம் ஆபத்தைக் கூட்டும். சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அதற்கு அடுத்த வகையில், அதாவது 'உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை, அளவுதான் விஷயம்.

நம்ம மாவட்டத்தில் அடிக்கடி எழும் கேள்வி ராணிப்பேட்டை குரோமியக் கழிவு. மூச்சு வழியாகப் போகும் ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என நிறுவப்படவில்லை.

வீடு தேடி வரும் பரிசோதனையில் இது உண்டா?

இல்லை. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ராணிப்பேட்டை உட்பட நான்கு மாவட்டங்களில் புற்றுநோய் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் பார்ப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றைத்தான். அமெரிக்காவில் அறிகுறியே இல்லாவிட்டாலும் 45 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லி 2021-ல் வயதைக் குறைத்தார்கள். இங்கே அப்படி யாரும் கூப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. அறிகுறி தெரிந்ததும் நாமேதான் போக வேண்டும்.

குடலோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் 100-ல் சுமார் 90 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். கல்லீரல், நுரையீரலுக்குப் பரவிய பிறகு என்றால் சுமார் 15 பேர்தான். இது அமெரிக்கக் கணக்கு.

எங்கே போகலாம்?

முதலில் அரக்கோணம் அரசு மருத்துவமனை. அடுத்த கட்டத்துக்கு, ரயில் ஜங்ஷன் என்பதால் மூன்று பக்கமும் வழி உண்டு. செங்கல்பட்டு ரயிலில் காஞ்சிபுரம் போனால் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனை. காட்பாடி பக்கம் வேலூர் சி.எம்.சி. சென்னை பக்கம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள் திரவ உணவுதான். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு மருந்து குடிக்கச் சொல்வார்கள். நிஜமான கஷ்டம் அந்த ராத்திரிதான். பரிசோதனை அரை மணி நேரம், பெரும்பாலும் மயக்க ஊசி போட்டுச் செய்வார்கள், அன்றே வீடு திரும்பலாம். சந்தேகமான இடத்தில் சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் ரூபாய்.

'வயித்துல பை வெச்சிடுவாங்க' என்ற பயத்தில் தள்ளிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பை தேவைப்படாது. பலருக்கு குடல் தையல் ஆறும் வரை சில மாதங்களுக்கு மட்டும் வைத்து, பிறகு எடுத்துவிடுவார்கள். கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் நிரந்தரப் பை. அவர்களும் பையோடு வேலைக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள், கல்யாணத்துக்கும் போய் வருகிறார்கள்.