பன்னிரண்டும் ஒன்றாய் ஒலித்த இரவு

1921 கோடையில், ஆஸ்திரியாவின் டிரவுன்கிர்ஷன் ஏரிக்கரையில், இசையமைப்பாளர் ஷோன்பெர்க் தன் மாணவரிடம் சொன்ன அந்தப் புகழ்பெற்ற சொல்லை இந்த வாரம் பார்ப்பதாக இருந்தோம். அங்கே போகும் வழியில் வியன்னாவின் ஓர் இரவு குறுக்கிடுகிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பன்னிரு சுர முறை 1921-ல் பிறந்தது என்றுதான் புத்தகங்கள் எழுதும். ஆனால், பன்னிரண்டு சுரங்களும் ஒரே நொடியில் சேர்ந்து ஒலித்து, அதைக் கேட்ட கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

1913 மார்ச் 31. வியன்னாவின் மூசிக்ஃபெராய்ன் பெரிய அரங்கம். வாத்தியக் குழுவை நடத்தியவர் ஷோன்பெர்க். நிகழ்ச்சி நிரல் இப்படி: முதலில் வெபர்னின் ஆறு துண்டுகள், பிறகு ஸெம்லின்ஸ்கியின் பாடல்கள், ஷோன்பெர்க்கின் முதல் சேம்பர் சிம்பொனி, ஆல்பன் பெர்க்கின் இரண்டு பாடல்கள், முடிவாக மாலரின் ‘இறந்த குழந்தைகளின் பாடல்கள்’. மாலர் மறைந்து இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

இதே அரங்கில் ஐந்து வாரங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 23 அன்று, ஷோன்பெர்க்கின் ‘குர்ரெலீடர்’ அரங்கேறியது. கைதட்டல் அடங்கவே இல்லை. பெரியவர்கள் கண் கலங்கினார்கள். மேடைக்கு அழைக்கப்பட்ட ஷோன்பெர்க் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, வாத்தியக்காரர்களை மட்டும் வணங்கிவிட்டு இறங்கிப் போனார். அதைத் திமிர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அவர்கள் கைதட்டியது 1900-ல் அவர் எழுதத் தொடங்கிய, வாக்னரின் வாசம் வீசிய பழைய இசைக்கு. அவரோ அந்த வீட்டைக் காலிசெய்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றையெல்லாம் ஏசியவர்களில் பலர் அன்று எழுந்து நின்று கொண்டாடினார்கள்.

மார்ச் 31-க்கு வருவோம். வெபர்னின் நான்காவது துண்டு, இறந்துபோன தாயை நினைத்து எழுதிய சவ ஊர்வல இசை. தாளக் கருவிகளும் மணிகளும் மிக மெல்லத் தொடங்கி, அரங்கு அதிரும் அளவுக்கு ஏறும். அந்தத் துண்டுகளுக்கு நடுவிலேயே சிரிப்பு எழுந்தது. ஸெம்லின்ஸ்கியின் பாடல்களைப் பொறுத்துக்கொண்டார்கள். சேம்பர் சிம்பொனியின்போது விசில்களும் சாவிக்கொத்துச் சத்தமும் கைதட்டலோடு மோதின. ஆதார ஸ்ருதியை எடுத்துவிட்டு ஒருவர் பாடினால் நம் காது எப்படித் தவிக்கும்? அந்தத் தவிப்பைத்தான் அவர்கள் அனுபவித்தார்கள். தவிப்பு தப்பில்லை. அதைச் சத்தம் போட்டு மற்றவர்கள் காதிலும் திணித்ததுதான் தப்பு.

அடுத்து பெர்க். வயது 28. ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டும் மெலிந்த மனிதர். வாத்தியக் குழுவுக்கென்று அவர் எழுதிய முதல் படைப்பு இது. காபிக்கடைகளே வீடாக வாழ்ந்த கவிஞர் பீட்டர் ஆல்டன்பெர்க் எழுதிய அஞ்சலட்டை வரிகள்தான் பாடல்கள். மொத்தம் ஐந்து. அன்று மேடையேறியவை இரண்டும் மூன்றும் மட்டும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்கூட வராது. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு பாடல்களுக்குப் பின்னால் பியானோ, செலஸ்டா, ஹார்மோனியம் என்று மாபெரும் குழு. மூன்றாவது பாடலின் தொடக்கத்தில்தான் அது வருகிறது: காற்றுக் கருவிகள் பன்னிரண்டு சுரங்களையும் ஒரே கொத்தாகப் பிடித்து நிறுத்துகின்றன. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டாம் முறை வரவில்லை. அண்டத்தின் எல்லைக்கு அப்பால் பார்க்கும் ஒரு கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியாது.

அரங்கு வெடித்தது. ஷோன்பெர்க் பாட்டின் நடுவே இசையை நிறுத்தி, கலாட்டா செய்பவர்களைப் போலீஸை வைத்து வெளியேற்றுவேன் என்று கத்தினார். மேல்மாடத்திலிருந்து வெபர்ன், இந்தக் கும்பலையே வெளியே தள்ளுங்கள் என்று குரல் கொடுத்தார். நீங்கள் ஸ்டைன்ஹோஃபுக்குப் போங்கள் என்று கீழேயிருந்து பதில் வந்தது. ஸ்டைன்ஹோஃப், வியன்னாவின் மனநோய் மருத்துவமனை. பாட்டெழுதிய ஆல்டன்பெர்க் அப்போது உண்மையிலேயே மனநோய் சிகிச்சையில் இருந்தார். ஊருக்கே அது தெரியும். தெரிந்தும் அதைச் சொல்லிச் சிரித்தார்களே, அதுதான் அந்த இரவின் மிகக் கேவலமான கணம் என்பேன்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த இளைஞர் எர்ஹார்ட் புஷ்பெக் மேடையேறி, மாலரின் நினைவுக்காகவாவது அமைதி காக்கும்படி கெஞ்சினார். வசவு வந்து விழுந்தது. இறங்கிப் போய் ஓர் அறை விட்டார். அதோடு கச்சேரி முடிந்தது. மாலரின் பாடல்கள் ஒலிக்கவே இல்லை. 1907-ல் இதே சேம்பர் சிம்பொனியின் அரங்கேற்றத்தில், சத்தம் போட்டவர்களுக்கு எதிராக நின்று ஷோன்பெர்க்குக்காகக் கைதட்டிய ஒரே பெரிய மனிதர் மாலர். அவருக்கு அந்த நகரம் செலுத்திய மரியாதை இது.

வழக்கு நீதிமன்றம் போனது. ஆபரெட்டா இசையமைப்பாளர் ஆஸ்கர் ஸ்ட்ராஸ் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று மாலை கேட்டதிலேயே சுருதி சேர்ந்த ஒலி அந்த அறைதான் என்றார். இன்றும் இதைச் சுவையான துணுக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ‘ஒரு வால்ட்ஸ் கனவு’ எழுதிப் பேரும் பணமும் சம்பாதித்தவர், தன்னைவிட இளையவர்கள் அடிபட்டு நிற்கையில் சொன்ன சொல் அது. தொழில் தெரிந்த ஒருவர் சக கலைஞர்களைக் கூட்டத்திடம் காட்டிக்கொடுத்தார். நான் அதை மன்னிக்கத் தயாராக இல்லை.

இரண்டு மாதம் கழித்து, மே 29 அன்று, பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ நடந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அங்கேயும் கூச்சல்தான். ஆனால் அந்தப் படைப்பு கடைசிச் சுரம் வரை வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதே நகரத்தில் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பெர்க்குக்கு யார் தோள் கொடுத்தார்கள்? சில வாரங்களில் பெர்லினுக்குப் போனவருக்கு ஆசான் ஷோன்பெர்க்கிடமிருந்து கிடைத்தது கண்டிப்பு: இப்படித் துண்டு துண்டாக எழுதாதே, பெரிய வடிவங்களுக்கு வா. தன் கச்சேரியில் காயப்பட்ட சீடனிடம் ஷோன்பெர்க் இன்னும் கனிவாக இருந்திருக்கலாம். அவர்மீது எனக்கு எத்தனை மதிப்பு இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெர்க் அந்த ஐந்து பாடல்களையும் ஒதுக்கி வைத்துவிட்டார். 1925-ல் ‘வோட்ஸெக்’ ஆபரா பெர்லினில் அரங்கேறி உலகப் புகழ் வந்த பிறகும் அவை முழுதாக மேடையேறவில்லை. 1935-ல் அவர் இறந்தார். ஐந்தும் சேர்ந்து முதன்முதலாக ஒலித்தது 1953-ல், ரோமில். அந்தத் தொகுப்பை முழுதாகக் கேட்கும் பேறு எழுதியவருக்கே கிட்டவில்லை.

1921-க்கு இனித்தான் வரவேண்டும். அந்தக் கோடையில் ஷோன்பெர்க் முதலில் தங்கியது மாட்ஸே என்ற ஊரில். யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்று சொல்லி அவரை அங்கிருந்து கிளப்பினார்கள். டிரவுன்கிர்ஷனுக்கு மாறினார். அங்கேதான், ஜெர்மானிய இசையின் தலைமையை இன்னும் நூறு ஆண்டுகளுக்கு உறுதிசெய்யும் ஒன்றைக் கண்டுவிட்டதாக ஜோசஃப் ரூஃபரிடம் சொன்னார். விரட்டியவர்களின் இசைக்கே மகுடம் சூட்டக் கிளம்பிய அந்த மனிதரையும், பன்னிரண்டு சுரங்களை அவர் வரிசையாக்கிய விதத்தையும் அடுத்த வாரம் ஓபஸ் 25 பியானோ தொகுப்பை வைத்துப் பார்ப்போம்.

(தொடரும்)