சென்னை: வீட்டுக் குப்பைக் குறைப்பும் மறுசுழற்சியும்

சென்னையில் வீடுகளில் சேரும் குப்பையைக் குறைக்கவும், அதில் மறுபடி பயன்படக்கூடியதைப் பிரித்தெடுக்கவும் மாநகராட்சியும் மாநில அரசும் குடியிருப்போர் அமைப்புகளும் எடுத்துவந்த முயற்சிகள் இங்கே தொகுக்கப்படுகின்றன. 2011-ல் மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இப்போது நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி ஆகிய இரு கிடங்குகளும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டுள்ளன. குறைப்பு என்பது மாநகராட்சிக்குப் பிந்தி வந்த எண்ணம். அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவதே அதன் பழகிய வேலை.

தொடக்க காலம்

தெருத் துப்புரவுக்கென வீடுகள்மீது வரி போடும் வழக்கம் இந்நகரில் மாநகராட்சியைவிட மூத்தது. 1678-ல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரான ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், குப்பை அகற்றும் பொறுப்புக்குத் தனி அலுவலர் ஒருவரை அமர்த்தி, அந்தச் செலவை வீட்டுக்காரர்களிடமிருந்து வசூலிக்க முற்பட்டார். கோட்டைக்கு வெளியே கருப்பர் நகரத்தில் வாழ்ந்தவர்கள் இதை விரும்பவில்லை. வீட்டு வரி என்ற பேச்சு எழுந்தபோதெல்லாம் அவர்கள் கூடி மறுத்ததைக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பதிவுகள் காட்டுகின்றன. மக்களிடமிருந்தே ஆட்களைச் சேர்த்துக்கொண்டால் வரி வசூல் எளிதாகும் என்ற கணக்கும் சேர்ந்துதான் மாநகராட்சி பிறந்தது. 1687 டிசம்பரில் கம்பெனி பட்டயம் வழங்க, 1688 செப்டம்பர் 29-ல் அது தொடங்கி வைக்கப்பட்டது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுவே.

இதற்கெல்லாம் வெளியே, எந்த ஆணையும் இல்லாமல் நகரில் ஒரு மறுசுழற்சி நடந்துவந்தது. அரிசி களைந்த கழனித்தண்ணியும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போயின. பால்காரர்களே வீட்டு வாசலில் பானை வைத்து அதைச் சேர்த்தார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரும், பட்டுச் சேலைக்கும் பழந்துணிக்கும் எவர்சில்வர் பாத்திரம் மாற்றுபவரும், தோளில் தராசு தொங்கப் பழைய பேப்பர் எடுப்பவரும் தெருவுக்குத் தெரு வந்தார்கள். கொட்டாங்குச்சிக்கு ஆள் இருந்தது; பெண்களின் சீப்பில் சிக்கிய முடிக்கும் ஆள் இருந்தது. இவை எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் காயலான் கடை. மாநகராட்சிக் குப்பை லாரியில் ஏறாத எடை எவ்வளவு என்று அந்நாளில் யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால், பிந்தைய திட்டங்கள் பலவற்றின் சாதனைக் கணக்கு சிறுத்துப் போயிருக்கும்.

எக்ஸ்னோரா

வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரிக்கும் முறையைச் சென்னையில் முறையாகத் தொடங்கிவைத்தது மாநகராட்சி அன்று. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989-ல் நிறுவிய எக்ஸ்னோரா அமைப்பு. ஒரு தெருவில் அல்லது அடுத்தடுத்த சில தெருக்களில் உள்ள வீடுகள் சேர்ந்து ஒரு ‘சிவிக் எக்ஸ்னோரா’வை அமைத்துக்கொள்ளும். மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கப்படும். குப்பை பொறுக்கிப் பிழைத்துவந்த ஒருவரையே தேடிப்பிடித்து வண்டியை ஒப்படைத்து, ‘ஸ்ட்ரீட் பியூட்டிஃபையர்’ என்ற பட்டமும் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு மாதச் சந்தா வாங்கி அதிலிருந்து அவருக்குச் சம்பளம். கிடைக்கும் பாட்டில், அட்டை, பால் கவர் எல்லாம் அவருடையது.

திட்டத்தின் உயிர் இந்தக் கடைசி ஏற்பாட்டில் இருந்தது. காலையில் விசில் ஊதிக்கொண்டு வரும் வண்டிக்காரர், சோற்றோடு கலந்துபோன பால் கவரை விற்க முடியாது. கழுவி உலர்த்தித் தனியாகக் கொடுத்த கவருக்குக் காயலான் கடையில் காசு உண்டு. ஆகவே வீட்டம்மாக்களிடம் பிரித்துக் கொடுங்கள் என்று தினமும் சொல்லும் வேலையை அவரே செய்தார். விழிப்புணர்வுப் பலகைகளால் ஆகாததை அவருடைய நச்சரிப்பு செய்தது. இடவசதியுள்ள குடியிருப்புகள் சில, சமையலறைக் கழிவைத் தங்கள் மூலைமனையிலேயே குழி வெட்டி உரமாக்கின.

குறை இல்லாமல் இல்லை. வண்டி நிறைந்ததும் அதைத் தெருமுனையில் உள்ள மாநகராட்சித் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். லாரி வராத நாளில் தொட்டி வழியும். வழிந்ததற்குத் திட்டு வண்டிக்காரருக்கு. வசதியான தெருக்களில் வேரூன்றிய அளவுக்குக் குடிசைப் பகுதிகளில் இது பரவவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே.

விதிகளும் ஒப்பந்தங்களும்

1994-ல் சூரத்தில் பரவிய கொள்ளைநோய்க்குப் பிறகு நகரக் குப்பை நாடெங்கும் பேசுபொருளானது. 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடுவீடாகச் சேகரிக்க வேண்டும், பிரிக்க வேண்டும், மக்கும் பொருளைக் கிடங்கில் புதைக்கக் கூடாது என்றன அவ்விதிகள்.

அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி அப்போதைய பத்து மண்டலங்களில் மூன்றைத் தனியாரிடம் விட்டது. பிரெஞ்சுக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த ‘ஓனிக்ஸ்’ வந்தது. சீருடையும் புது வண்டிகளும் தெருக்களின் தோற்றத்தை மாற்றின என்பதை எதிர்ப்பாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கூலி டன் கணக்கில். எவ்வளவு எடை கிடங்கில் இறங்குகிறதோ அவ்வளவு பணம். குப்பை குறைந்தால் வருமானம் குறையும் என்று ஒப்பந்தம் எழுதிவிட்டுக் குறைப்பைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்க முடியாது. கட்டட இடிபாடுகளும் எடைமேடை ஏறுகின்றன என்ற புகார் எழுந்தது வியப்பில்லை. மாநகராட்சியும் ஒப்பந்தக்காரரும் வாசலுக்கே வரத் தொடங்கியபின், இரண்டு இடத்தில் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்டுப் பல தெருக்கள் எக்ஸ்னோராச் சந்தாவை நிறுத்தின. வண்டிகள் ஒன்றொன்றாக மறைந்தன.

2007-ல் நீல் மெட்டல் ஃபனால்கா, அதன்பின் ராம்கி என நிறுவனங்கள் மாறின. எடைக்குப் பணம் என்ற முறையைக் கைவிட்டு, பணியின் தரத்தை அளவிட்டுப் பணம் தரும் ஒப்பந்தம் 2020-ல் உர்பேசர் சுமீத் நிறுவனத்தோடுதான் வந்தது.

வகைப்பாடு

மாநகராட்சி தொடக்கத்தில் சொன்ன பிரிவு இரண்டே: மக்கும் குப்பை, மக்காத குப்பை. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் இதற்காக வந்தவை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவதாகத் தீங்கு தரும் வீட்டுக் கழிவைச் சேர்த்தன. பெயின்ட் டப்பா, குழல்விளக்கு, பேட்டரி, காலாவதியான மருந்து ஆகியவை இதில் அடங்கும். நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியே சுற்றித் தர வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

காயலான் கடையின் பிரிவு இதைவிட நுணுக்கமானது. தாளில் செய்தித்தாள் வேறு, நோட்டுப் புத்தகம் வேறு, அட்டைப்பெட்டி வேறு. இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பிளாஸ்டிக்கில் தண்ணீர் பாட்டில், பால் கவர், உடைந்த குடம், நாற்காலி ஆகியவை ஒன்றோடொன்று சேராது. கடைக்காரர் ஒரு துண்டை முறித்து, அது எழுப்பும் ஒலியையும் சிலவேளை கொளுத்தியபின் வரும் வாடையையும் வைத்தே ரகம் சொல்லிவிடுவார். சிப்ஸ் பாக்கெட், தெர்மகோல், குழம்பு ஒட்டிய கவர் ஆகியவற்றை யாரும் வாங்குவதில்லை. மாநகராட்சியின் உலர்கழிவு நிலையங்களிலும் இவைதான் மிஞ்சும். கட்டுகளாக்கி அரியலூர்ப் பக்கச் சிமென்ட் ஆலைகளின் உலைக்கு அனுப்புகிறார்கள். எரிப்பதையும் மறுசுழற்சிக் கணக்கில் சேர்ப்பது அதிகாரிகளின் வசதிக்கான ஏற்பாடு.

ஈரக்கழிவுக்கு வட்டாரம்தோறும் சிறு உரக்கூடங்கள் உண்டு. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாண எரிவாயு வகை நிலையம் 2005-ல் அமைந்தது. அதன் திறன் நாளுக்கு 30 டன்.

நெகிழித் தடை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு இருந்தது. ஓட்டல்களில் வாழையிலையும் பாக்குமட்டைத் தட்டும் திரும்பி வந்தன. சில மாதங்களில் கவர்களும் திரும்பின. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம் கோயம்பேட்டில் வைக்கப்பட்டது.

கிடங்குகளும் இன்றைய நிலையும்

பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் உள்ளேயே அமைந்தது. 2022 ஏப்ரலில் அங்கே மூண்ட தீ அணைய நாள்கள் பிடித்தன. அதே ஆண்டு ஜூலையில் சதுப்புநிலம் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்கும் பணி அங்கே சுமார் 350 கோடி ரூபாயிலும், கொடுங்கையூரில் சுமார் 640 கோடி ரூபாயிலும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. கொடுங்கையூரில் திட்டமிடப்பட்ட எரிஉலை மின்நிலையத்தை வடசென்னை மக்கள் எதிர்த்துவருகிறார்கள்.

வீடுகளிடம் மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் வசூலிக்க 2020 டிசம்பரில் மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் அமர்ந்தார்கள், இரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தற்போது பேட்டரி வண்டிகள் வீடுவீடாக வருகின்றன. பல தெருக்களில் கலந்தே வரும் குப்பையைப் பணியாளரே கையால் பிரித்து, விற்கக்கூடியதை வண்டியின் பக்கவாட்டில் கட்டிய சாக்கில் போட்டுக்கொள்கிறார்.