மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலும் எம்டன் என்னும் தமிழ்வழக்கும்

காஞ்சிபுரம் கடற்கரை நகரன்று. ஆயினும் கடலொடு தொடர்பில்லாத நகருமன்று. கச்சியிலிருந்து ஆண்ட பல்லவருள் மூன்றாம் நந்திவர்மன் அவனிநாரணன் என்னும் சிறப்புப்பெயர் பூண்டவன். அப்பெயரால் அமைந்த குளமொன்றைத் தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. அக்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் பழைய கடாரப் பகுதியும், அதனை அடுத்துப் பினாங்குத் தீவும் வரும். பிற்காலத்தே தமிழர் பலர் குடியேறி வாழ்ந்த அத்தீவை அடுத்த கடலில், 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மூஸ்கே என்னும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அதனை மூழ்குவித்தது செருமானியரின் எம்டன்.

எம்டன் என்னும் பெயரை அறியாத தமிழர் சிலரே. துணிவும் சூழ்ச்சியும் மிக்கவனை ‘அவன் எம்டன்’ எனக் கூறும் வழக்கு சென்னையிலும் காஞ்சியிலும் பிறவூர்களிலும் உண்டு. மலையாளத்தார் வழங்கும் எமண்டன் என்னும் சொல்லும் இக்கப்பற்பெயரின் வழியது என்பர். வென்ற கப்பல் சொல்லாயிற்று. வீழ்ந்த கப்பலோ பெயரளவிலும் நம்மிடை வழங்கவில்லை. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

மூஸ்கே என்பது பழைய நீள்குழல் துப்பாக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். அவ்வகைக் கப்பல்கள் பலவும் படைக்கலப் பெயர்களையே பெற்றன. அவற்றுள் ஃபிராந்து என்பது கவணையும், பிஸ்தோலே என்பது கைத்துப்பாக்கியையும் குறிப்பன. மூஸ்கே 1902ஆம் ஆண்டு நாந்து நகரில் நீரில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 300 டன் நிறையும், 65 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றும், 47 மில்லிமீட்டர் பீரங்கி ஆறும், டார்பிடோக் குழாய் இரண்டும் உடையது. 1908இல் நீரில் இறங்கிய எம்டனோ 3,600 டன் நிறையும், 105 மில்லிமீட்டர் பீரங்கி பத்தும் உடையது. ஆகவே இவ்விரண்டும் எதிர்ப்பட்டபோது நிகழ்ந்தது ஒத்தார் போர் அன்று.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, சிலர் உயிரிழந்தனர். அச்சமுற்ற மக்கள் பலர் நகரை விட்டு உள்நாட்டூர்களுக்குச் சென்றனர். எம்டன் என்னும் சொல் தமிழில் வேரூன்றியது அவ்வச்சத்தினால் எனலாம்.

ஐந்து வாரங்களுக்குப் பின்னர், அக்கப்பல் போலிப் புகைபோக்கி ஒன்றை அமைத்து, ஆங்கிலேயக் கப்பல் போலத் தோன்றி, வைகறையில் பினாங்குத் துறைமுகத்துட் புகுந்தது. அங்கு நின்ற செம்சுக் என்னும் உருசியப் போர்க்கப்பலை மூழ்குவித்தது. அதில் எண்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுகத்துள் பிரெஞ்சுக் கப்பல்களும் நின்றன. ஆயினும் காவற்பணி மேற்கொண்டு புறத்தே இருந்தது மூஸ்கே ஒன்றே. திரும்பும் வழியில் அது எம்டனை எதிர்ப்பட்டது. எம்டன் செருமானியக் கொடியை உயர்த்திச் சுடத் தொடங்கியது. மூஸ்கே பணியாது, பீரங்கியாலும் டார்பிடோவாலும் எதிர்த்தது. சிறிது நேரத்துள் மூழ்கியது. தலைவர் தெருவான் உட்பட நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் உயிர்நீத்தனர்.

எம்டன் உடனே அகன்றுவிடவில்லை. படகுகளை இறக்கி 36 பேரை மீட்டது. காயத்தால் பின்னர் இறந்தவர்களைச் செருமானியர் படைமரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தனர். எஞ்சியோரை அக்டோபர் 30ஆம் நாள் நியூபர்ன் என்னும் ஆங்கிலேய வாணிகக் கப்பலில் ஏற்றிச் சுமத்திராவின் சாபாங்குத் துறைக்கு அனுப்பினர். எம்டனும் நெடுநாள் நிலைக்கவில்லை. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோசுத் தீவருகே, ஆசுத்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பலால் அழிவுற்றது.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் சென்னைக்கு வந்தார் எனப் பலர் எழுதினர். அது பொருந்துவதன்று, சென்னை தாக்குண்டபோது அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஆங்கிலேய ஆட்சியை வெறுத்த நெஞ்சங்கள், அவ்வாட்சிக்கு அச்சம் விளைத்த கப்பலில் தம்மவர் ஒருவரைக் காண விழைந்தன, விழைவே செய்தியாயிற்று. இவ்விழைவை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆயின் வரலாறென ஏற்றலும் ஆகாது.

மொழி வரலாற்றைத் தனக்குரிய முறையிற் காக்கின்றது. நம் கரையைத் தாக்கியதன் பெயரைக் காத்தது. கடாரக் கடலில் தன் பணியிற் பிறழாது வீழ்ந்ததன் பெயரைக் காக்கவில்லை. சொல்லாராய்ச்சி செய்வார், வழக்கில் நின்ற சொல்லைக் கொண்டே நிகழ்ச்சியை அளவிடலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. இனி எம்டன் என்னும் சொல்லைக் கேட்குந்தோறும், அதனை எதிர்த்து வீழ்ந்த சிறிய மூஸ்கேயும் நம் நினைவுக்கு வருதல் வேண்டும்.